ஐயனார் நிறுத்தாத லாரி

என் லாரியை ஐயனார்தான் நிறுத்துகிறார் என்று நான் நான்கு நாள் நம்பினேன். இதை ஒளித்து எழுத வழியில்லை. மரக்காணத்திலிருந்து கீழ்புத்துப்பட்டு வரை பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேருக்கு என் தங்கச்சி சொல்லிவிட்டாள். ஐம்பதைத் தாண்டியவன், இருபத்தெட்டு வருஷமாக டீசல் எஞ்சினோடு குடும்பம் நடத்துகிறவன், வண்டி நின்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கே யோசனை சொல்கிறவன். என் வண்டி நின்றபோது நான் முதலில் பார்த்தது தேங்காய்க் கடையை.

நியாயமாகச் சொன்னால் என் பக்கம் சாட்சி பலமாகவே இருந்தது. முதல் இரண்டு தடவையும் வண்டி நின்றது ஒரே இடத்தில். கீழ்புத்துப்பட்டில் ஐயனார் கோயிலுக்குத் திரும்புகிற வழிக்குக் கொஞ்சம் முன்னால், பத்தடி இப்படி, பத்தடி அப்படி. இரண்டு தடவையும் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. திரும்பி வரும்போது, அதே சாலை, அதே கோயில், ஒரு முக்கல் முனகல் இல்லை. ஒரு தெய்வம் இதற்கு மேல் என்னதான் செய்து காட்டும்? இதைவிடக் குறைந்த சாட்சிக்கு ஆளை உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.

அவர் கோபித்துக்கொள்ளக் காரணமும் என்னிடம் தயாராக இருந்தது. அந்த வழியாகப் போகிற லாரிக்காரர்கள் கோயில் பக்கம் வந்ததும் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவது வழக்கம். இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? அதனால் ஹாரன். என் வண்டியின் ஹாரன் ஆடி மாதத்திலிருந்தே ஊமை. உப்பு அதன் வயிற்றைத் தின்றுவிட்டது. குறுக்கே மாடு வந்தால் நான் தலையை வெளியே நீட்டிக் கத்துவேன். மாட்டுக்குக் கத்தினேனே தவிர ஐயனாருக்குக் கத்தவில்லை. ஆக மூன்று மாதமாக மரியாதை கொடுக்காமல் கடந்துபோன ஆள் நான். வழக்கு முடிந்தது.

உப்பு ஏற்றுகிற லாரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புது வண்டியை யாரும் உப்புக்கு விடமாட்டார்கள். செங்கல் ஏற்றி, கரும்பு ஏற்றி, மணல் ஏற்றி, இனிமேல் எதற்கும் ஆகாது என்று ஆன பிறகுதான் ஒரு லாரி எங்கள் பக்கம் வந்து சேரும். வந்ததும் உப்பு அதைத் தின்னத் தொடங்கும். எங்கள் ஊரில் தகரத்தில் ஓட்டை தெரிந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வாளியில் ஓட்டையா, உப்பு. சைக்கிள் மட்கார்டில் ஓட்டையா, உப்பு. கூரையில் வானம் தெரிகிறதா, அதுவும் உப்பு. கேள்வி கேட்காமல் அடைத்துவிடுவோம். அதற்கென்று ஒரு பசை கடையில் கிடைக்கும். இரண்டு துண்டாக இருக்கும், சேர்த்துப் பிசைந்து அப்பினால் ஒரு மணி நேரத்தில் கல். மிளகாய்த்தூள் இல்லாத வீடு இருந்தாலும் இருக்கும், அந்தப் பசை இல்லாத வீடு உப்பளத்து ஓரத்தில் இருக்காது.

புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். கேபின் தரையில் நான்கு, மட்கார்டில் ஆறு, இன்னும் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் அடைத்தேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், கல்யாணத்துக்கு முதல் நாள் முகப்பருவுக்கு மருந்து அப்பிக்கொண்ட மாப்பிள்ளை போல நின்றது. வண்டி இவ்வளவு ஆரோக்கியமாக இருந்து வருஷக்கணக்காகிறது என்று பெருமையோடு தூங்கப் போனேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அன்று தொடங்கி என் தங்கச்சியின் உப்பை ஏற்ற வேண்டும்.

அவளும் மச்சானும் குத்தகைக்கு எடுத்த பாத்திகள் உப்பளத்தின் உள்ளே, தாழ்வான பகுதியில். அந்த வருஷத்துக் கடைசி உப்பை வரப்போரத்தில் அம்பாரமாகக் குவித்து மேலே பனையோலை போட்டிருந்தார்கள். என் வண்டிக்கு ஆறு நடை. ஓலை மேலேயிருந்து விழும் மழையைத் தாங்கும். தாழ்வான இடத்தில் தண்ணீர் கீழேயிருந்து வரும். அதை ஓலை என்ன செய்யும்? மழை பிடித்துவிட்டால் உள்ளே போகிற மண்பாதையும் களியாகிவிடும், லாரி இறங்கினால் தை மாதம்தான் வெளியே வரும். வங்கக்கடலில் தாழ்வு நிலை, வெள்ளி அல்லது சனியில் மழை என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் ஊரிலிருந்த லாரி அத்தனையும் யாராவது ஒருவருடைய அம்பாரத்தின் பக்கத்தில் நின்றது. என் தங்கச்சிக்கு இருந்தது என் லாரி ஒன்றுதான். ஒரு நாளைக்கு இரண்டு நடை, மூன்று நாள், புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் முடித்துவிடலாம் என்று நான்தான் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை பெண்கள் கூடை கூடையாகக் கொட்டி ஏற்றி முடித்தார்கள். ஊர் எல்லையில் இருக்கிற பங்கில் வழக்கம்போல டேங்க் வழிய வழிய டீசல் போட்டுக்கொண்டு கிளம்பினேன். டேங்க் நிறைந்தால்தான் எனக்கு மனசு நிறையும். புதுச்சேரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அரவை மில்தான் போய்ச் சேர வேண்டிய இடம். பதினைந்து பதினாறு கிலோமீட்டர் வரைக்கும் வண்டி நான் அடைத்த ஓட்டைகளுக்கு நன்றி சொல்வதுபோல ஓடியது. அப்புறம் இழுவை குறைந்தது. மிதித்தால் உறுமுகிறது, ஆனால் போகவில்லை. இரண்டு தடவை விட்டு விட்டு இழுத்தது. கறுப்புப் புகை இல்லை, சூடு இல்லை, சத்தத்தில் மாற்றம் இல்லை. ஏதோ யோசனை வந்தது போல வேகம் குறைந்து, குறைந்து, ஓரமாக நின்றேவிட்டது. தலையைத் தூக்கினால் எதிரே கோயிலுக்குப் போகிற வழி.

ஐந்து நிமிஷம் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுற்றுகிறது, பிடிக்கவில்லை. தங்கச்சிக்குப் போன் செய்தேன். போன மாதம்தான் அவள் பாத்தியில் முதலை வந்துவிட்டது என்று சும்மா போன் போட்டு மச்சானைக் கம்போடு ஓடவிட்டிருந்தேன். அதனால் அவள் நான் சொல்லி முடிப்பதற்குள், "அண்ணா, அடுத்த லோடுக்கு ஆளுங்க நின்னுட்டு இருக்குது. வெளையாடாம வண்டிய ஓட்டு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாலையோரத்தில் தேங்காய், சூடம், எலுமிச்சம்பழம் விற்கிற அம்மா ஒருவர் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பானட்டைப் பார்ப்பதையும் கோயில் வழியைப் பார்ப்பதையும் மாறி மாறிக் கவனித்துவிட்டு, எந்த அவசரமும் இல்லாமல் ஒரு தேங்காயை எடுத்துத் தட்டிப் பார்த்தார். இந்த இடத்தில் நின்ற வண்டிகளைப் பற்றி அவரிடம் நிறையக் கதை இருந்தது. ஒரு சவுக்குக் கட்டை லாரி மூன்று நாள் நின்றதாம். நான் கேட்காமலே சொன்னார். நான் கேட்காமலே தேங்காயையும் கொடுத்தார்.

கோயில் வரை நடந்து, செருப்பைக் கழற்றி, வரிசையில் நின்று, தேங்காய் உடைத்து, ஹாரன் விஷயமாக மன்னிப்புக் கேட்டு, விபூதி வாங்கிக்கொண்டு வந்து சேர அரை மணிக்கு மேல் ஆனது. விபூதியில் கொஞ்சத்தை ஸ்டியரிங்குக்கும் கொஞ்சத்தை ஊமை ஹாரனுக்கும் பூசினேன். சாவியைத் திருப்பினேன். கொஞ்சம் இழுத்து, பிடித்துக்கொண்டது. மில் வரைக்கும் ஒரு குறையில்லை. ஆனால் அங்கே எனக்கு முன்னால் பத்து லாரி நின்றது. அந்த அரை மணி போனதால் வரிசையில் பின்தங்கி, ஊர் திரும்பும்போது பொழுது போய்விட்டது. அன்று ஒரு நடைதான்.

செவ்வாய்க்கிழமை காலை பங்கில் டேங்க் மூடியைத் திருகியபோது புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது. வெயிலுக்கு காஸ் கட்டியிருக்கும் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டு, மறுபடியும் வழிய வழிய ஊற்றினேன். கீழ்புத்துப்பட்டு நெருங்கியதும் முன்கூட்டியே தலையை வெளியே நீட்டி, ஹாரனுக்குப் பதிலாக "ஐயனாரப்பா" என்று ஒரு சத்தம் போட்டேன். ஸ்கூட்டரில் போன ஒருவர் பயந்து மணலில் இறங்கினார். வண்டி நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. நின்றதும் பக்கவாட்டில் டொம்மென்று ஒரு சத்தம், யாரோ உள்ளங்கையால் தட்டியதுபோல. இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கடைக்கார அம்மா குடையின் கீழே இருந்தபடியே, "இன்னைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று தேங்காயோடு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். போதாததற்கு மண்குதிரை ஒன்று வேண்டிக்கொண்டேன். எவ்வளவு உயரம் என்று தெய்வத்துக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று லாரி உயரத்துக்கு என்று தெளிவாகவே சொன்னேன். அரை மணி கழித்து வண்டி கிளம்பியது. நம்பாமல் என்ன செய்வேன்? அன்றும் ஒரு நடைதான்.

இரண்டு நாளில் இரண்டு நடை. அம்பாரத்தில் இன்னும் நான்கு பாக்கி. சாயங்காலம் மச்சான் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவர் அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு வானத்தையும் ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். நான் தேங்காயைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு மெக்கானிக்கிடம் காட்டிவிடுகிறேன் என்றேன். தெய்வத்திடம் ஒரு கால், மெக்கானிக்கிடம் ஒரு கால்.

மெக்கானிக் என் வயசுக்காரர், பல வருஷப் பழக்கம். புதன்கிழமை காலை ஃபில்டரின் மேலே இருக்கிற திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கினார். டீசலோடு நுரை நுரையாகக் குமிழி வந்தது. "ஏர் வாங்குதுப்பா," என்றார். டேங்கிலிருந்து எஞ்சினுக்கு டீசலை உறிஞ்சிக்கொண்டு போகிற குழாயில் எங்கேயாவது காற்று நுழைந்தால் எஞ்சினுக்கு டீசலுக்குப் பதிலாகக் காற்று போகும், மூச்சு முட்டி நிற்கும். இது எனக்கும் தெரியும். திங்கட்கிழமையே தெரியும். ஆனால் காற்று நுழைகிற ஓட்டைக்குக் கோயில் வாசலில் மட்டும்தான் நுழையத் தெரியுமா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதை அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் தேங்காய்க் கதை வெளியே வந்துவிடும்.

அவர் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் கழற்றிப் புது வாஷர் போட்டு இறுக்கினார். ஃபில்டர் மாற்றினார். ஒரு இடத்தில் குழாயே கொஞ்சம் உப்புத் தின்று இருந்தது, அதையும் மாற்றினார். டேங்கில் டீசல் இருக்கிறதா என்று கேட்டார். நிறைய இருக்கிறது என்றேன். அது உண்மைதான். மாலையில் எக்கியார்குப்பம் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தோம். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. "இனிமே ஒரு சொட்டுக் காத்து உள்ள போவாது," என்று கையைத் துடைத்தார். புதன்கிழமை ஒரு நடையும் இல்லை.

வியாழக்கிழமை காலை லோடு ஏற்றி முடித்ததும் தங்கச்சி இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, கேபினில் ஏறி உட்கார்ந்தாள். அளத்தில் உப்புத்தண்ணீர் இறைக்கிற டீசல் மோட்டாரை ஓட்டுவது அவள்தான். நீ எதற்கு என்று கேட்டேன். மூன்று நாளாக நீ என்னதான் செய்கிறாய் என்று பார்க்க வேண்டும் என்றாள். பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். முதல் வளைவிலேயே சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு தேங்காய் உருண்டு அவள் காலடியில் வந்து நின்றது.

"இது எதுக்குண்ணா?"

"சட்னிக்கு."

அவள் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மேற்கொண்டு கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பத்து கிலோமீட்டர் தாண்டியதும் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஹாரன், சூடம், டொம் சத்தம், லாரி உயரக் குதிரை. அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். தோள் குலுங்கியதிலிருந்து அழுகிறாளோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அப்போது இழுவை குறைந்தது. விட்டு விட்டு இழுத்து, வண்டி ஓரமாக நின்றது. பழக்கதோஷத்தில் கதவைத் திறந்துகொண்டு சூடம் வாங்க இறங்கினேன். குடை இல்லை, கடைக்கார அம்மா இல்லை, கோயில் வழியும் இல்லை. சவுக்குத்தோப்புதான் இருந்தது.

"கோயில் இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்குது," என்றாள் தங்கச்சி. "உன்னப் பாக்க ஐயனார் நடந்து வந்துட்டாரா?"

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். மெக்கானிக்கிடம் போனதில் ஐயனாருக்கு இன்னும் கோபம், அதனால் எல்லையை இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போட்டுவிட்டார் என்று தோன்றியது. அதை வாய்விட்டும் சொன்னேன். தேங்காயைக் கொடு, இங்கேயே உடைத்துவிடுகிறேன் என்று கையை நீட்டினேன்.

அவள் கொடுக்கவில்லை. ஒன்றையும் தொடாதே, முதலில் டேங்கில் டீசல் இருக்கிறதா என்று பார் என்றாள். காலையில் உன் கண் முன்னால்தானே ஊற்றினேன் என்றேன். டீசல் முள்ளைக் காட்டலாம் என்றால் அது இரண்டு வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிறது, உப்பு.

"ஊத்துனதப் பாத்தேன். இருக்கறதப் பாத்தியா? தொற."

தேங்காயைச் சீட்டில் வைத்துவிட்டு அவளும் இறங்கி வந்தாள். டேங்க் வண்டியின் பக்கவாட்டில், உப்பு ஏற்றுகிற பலகைத்தட்டுக்குக் கீழே தொங்குகிறது. மூடியைத் திருகினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பதுபோல இருந்தது. மூன்றாவது தடவை விட்டது. புஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம், அதன் பின்னாலேயே டேங்கின் தகரம் டொம்மென்றது. நான் இரண்டு அடி பின்னால் தாவி, சவுக்கு வேரில் தடுக்கி உட்கார்ந்துவிட்டேன். தங்கச்சி நகரவே இல்லை. குனிந்து டேங்கின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயோரம் படிந்திருந்த உப்புத்தூள் எல்லாம் உள்ளே போய்விட்டிருந்தது.

"வெளிய வர்லண்ணா. காத்து உள்ள போச்சு. இப்ப சாவியப் போடு."

கைப்பம்பை நாலு அமுக்கு அமுக்கிவிட்டுப் போட்டேன். உடனே பிடித்துக்கொண்டது. நின்று நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. தேங்காய் இரண்டும் சீட்டின் மேலே முழுசாக இருந்தது.

நான் கேபினிலிருந்து இறங்கி வந்தபோது அவள் மூடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை அப்பியிருந்தது.

"இது என்னாண்ணா?"

"ஓட்டை. உப்புத் தின்னது. ஞாயித்துக்கிழமை அடைச்சேன்."

"எப்டி இருந்துச்சு ஓட்டை?"

"சின்னதா, வட்டமா, நடு சென்டர்ல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உப்புத் தின்னா எலி கடிச்ச மாதிரி இருக்கும். காம்பஸ் வெச்சு வட்டம் போட்டுத் தின்னுமா? மோட்டாருக்கு எண்ணெய் ஊத்தற கேன்ல நானே ரெண்டாவது ஓட்டை போட்டுத்தான் ஊத்தறேன். இல்லன்னா கக்கக்குனு நின்னு நின்னு எறங்கும். இது கம்பெனிக்காரன் போட்ட ஓட்டைண்ணா. காத்துக்கு."

வளையலில் தொங்கவிட்டிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். திருப்புளியால் பசையைச் சுரண்டி, ஊக்கால் துளையைக் குத்திச் சுத்தம் செய்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஊசிமுனை அளவுக்கு வானம் தெரிந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை அந்த மூடியைத் திருகியிருப்பேன். அந்தத் துளை எதற்கு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பார்த்த அன்றைக்கே அடைத்துவிட்டேன்.

மிச்ச தூரம் முழுக்க ஒவ்வொரு புதிராக அவிழ்ந்தது. ஓட்டிக்கொண்டே நான் சொல்லச் சொல்ல அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வழியில்லை. அதனால் எஞ்சின் இழுக்கிறது, டேங்க் விடமாட்டேன் என்கிறது. தகரமே உள்வாங்கி டொம் போடுகிற அளவுக்கு இழுபறி. நான் வழிய வழிய ஊற்றியதால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, சீக்கிரமே மூச்சு முட்டியது. தினமும் அதே பங்கு, அதே நிறைவு, அதே பாரம். அதனால் அதே தூரம். அந்தத் தூரத்தில் ஒரு கோயில் இருந்தது, அவ்வளவுதான். அரை மணி நிறுத்தினால் மூடியின் ரப்பர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே போகும். நான் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. வரும்போது டேங்க் கொஞ்சம் காலி, வண்டியும் காலி, அதனால் நிற்கவில்லை. புதன்கிழமை மெக்கானிக் ஒவ்வொரு இணைப்பையும் இறுக்கி, டேங்க் திருட்டுத்தனமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சந்து பொந்தையும் மூடிவிட்டார். வியாழக்கிழமை இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே நின்றதற்கு அதுதான் காரணம். எல்லாரும் சேர்ந்து காற்றை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டோம்.

கோயில் வழியைத் தாண்டும்போது தங்கச்சி தானே தலையை வெளியே நீட்டி ஒரு கும்பிடு போட்டாள். குதிரையைப் பற்றிக் கேட்டேன். வேண்டினது வேண்டினதுதான் என்றாள். லாரி உயரமா என்றேன். அதை நீதானே சொன்னாய் என்றாள்.

மில்லிலிருந்து மெக்கானிக்குக்குப் போன் செய்து சொன்னேன். "நான் மூடியத் தொறக்கவே இல்லப்பா," என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று வரிசை குறைவு. திரும்பி வந்து ஏற்றி இரண்டாவது நடையும் போனோம். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஏற்றத் தொடங்கி ஐந்தாவது நடையைக் கொண்டுபோய் இறக்கினேன். பெரிய முதலியார்சாவடியில் திரும்பி வந்துகொண்டிருக்கும்போது கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. ஊர் எல்லைக்கு வருவதற்குள் எதிரே வருகிற வண்டி தெரியவில்லை. மச்சான் தார்ச்சாலையிலேயே, அளத்துக்குள் இறங்குகிற இடத்தில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். கையைக் காட்டி நிறுத்தினார். "எறக்காத மச்சான், மாட்டிக்கும்," என்றார். உள்ளே பெண்கள் கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பு மேல் வந்துகொண்டிருந்தார்கள். தங்கச்சி கடைசியாக வந்தாள். என் பக்கத்து ஜன்னலருகே நின்று, அஞ்சு போயிடுச்சே, போதும் என்று சொன்னாள்.

மழை ஞாயிற்றுக்கிழமை மதியம் விட்டது. நடந்தே உள்ளே போய்ப் பார்த்தோம். வரப்பு தெரியவில்லை. அம்பாரம் இருந்த இடத்தில் பனையோலை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. திங்களும் செவ்வாயும் இரண்டிரண்டு நடை போயிருந்தால் புதன்கிழமையே அந்த இடம் காலியாகியிருக்கும். எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளையை நான் அடைத்துவிட்டேன், ஒரு லாரி உப்பு கரைந்துபோனது.